குளியலறைத் தொட்டியில் முதலை

எங்கள் வீட்டுக் குளியலறைத் தொட்டியில் ஒன்றரை வருடம் ஒரு முதலை இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாமல் போகட்டும். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய சித்தப்பா, தஞ்சோங் காராங் வாய்க்காலோரம் அதைக் கண்டெடுத்து வாளியில் போட்டுக்கொண்டு வந்தார். அப்போது அது என் முழங்கை நீளம்கூட இல்லை.

"பிடிச்சா ஜெயிலு தம்பி," என்று அம்மா தினமும் பாடுவார்.

"பல்லிக்கெல்லாம் ஜெயிலா அண்ணி? சும்மா இருங்க லா," என்பார் சித்தப்பா.

அப்பா யார் பக்கமும் சேராமல், வெளிக் குழாயில் குளித்துவிட்டு வேலைக்குப் போவார்.

எனக்கு அது உயிர். கோழிக் குடலோடு போய்த் தொட்டி விளிம்பைத் தட்டினால் என்னிடம்தான் வரும், சித்தப்பாவிடம்கூட வராது. அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு முழம் வளர்ந்த பிறகு, ஒரு நாள் குடலோடு சேர்த்து என் பள்ளிச் சட்டையின் கையையும் கவ்வி இழுத்தது. எப்படியோ உதறிக்கொண்டு வந்துவிட்டேன். துணி கிழிந்ததோடு சரி. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் துவைக்கப் போட்ட சட்டையைச் சித்தப்பா எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியில் மாட்டிக்கொண்டது என்றேன். சரி என்று தலையாட்டினார்.

அந்த வாரமே வனவிலங்கு இலாகா வண்டி வாசலில் வந்து நின்றது. லைசென்ஸ் இல்லாமல் முதலை வளர்ப்பது குற்றம், அபராதமும் உண்டு, ஜெயிலும் உண்டு என்று அதிகாரி மலாயில் சொல்லச் சொல்ல, சித்தப்பா கைகட்டி நின்றார். முதலையோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் புரண்டு புரண்டு அழுதேன், முதலைக்காக. சாயங்காலம் அவர் திரும்பி வந்ததைக்கூடக் கண்டுகொள்ளவில்லை.

காட்டிக்கொடுத்தது அடுத்த வீட்டு அத்தைதான் என்று நானே முடிவு கட்டினேன். நாற்றம் நாற்றம் என்று மூக்கைப் பிடித்தவர் அவர்தானே. மூன்று தீபாவளிக்கு அவர் கொடுத்த முறுக்கைத் தொடவில்லை. "பாவம் பாப்பா அவங்க, சாப்பிடு," என்று சித்தப்பா மட்டும் கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

வண்டி வந்த அன்று வேலை நாள். சித்தப்பா லோரி எடுக்கப் போகவில்லை. கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலைக்கு வாயைக் கட்டி, ஈரச் சாக்கில் தயாராகப் படுக்க வைத்திருந்தார். யாரும் வருவதற்கு முன்பே ஏன் கட்டினார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. படம் எடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்து, தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.