ஒரே வரிசையில் ஒன்பது சிரித்த முகங்கள்

போன வியாழக்கிழமை. மதியம் ஒன்றே கால் மணி. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு மறுவீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். மைத்துனர் மகளுக்கு முந்தின நாள்தான் கல்யாணம் முடிந்திருந்தது. இலையில் சோறு, சோற்றில் தேங்காய்ப்பால் சொதி, ஓரத்தில் இஞ்சிப் பச்சடி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வராமல்கூட இருந்துவிடுவார்கள். மறுவீட்டுச் சொதிக்கு வந்துவிடுவார்கள். நானும் அந்த ரகம்தான்.

முதல் கவளத்தைப் பிசைந்தேன்... போன் அடித்தது.

ரோசிட்டா. ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலி. மணப்பாட்டுப் பெண். பதினோரு வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறோம். நான் லீவில் இருக்கும்போது சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை. இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

“அண்ணே, பால்துரை அண்ணாச்சி வந்திருக்காவ. கப்பலு ஒரு நாள் முந்திட்டாம். ரெண்டு மணிக்குள்ள பேக்கிங் லிஸ்ட் போயாகணும். உங்க கம்ப்யூட்டரத் தொறந்து வச்சிருக்கேன். கை ரெண்டும் வேணும்லா, அதான் ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இதுல அண்ணாச்சிக்கு எந்தப் பட்டன்?”

பிசைந்த கவளத்தை இலையிலேயே போட்டுவிட்டேன்.

ஒரு பட்டன் எது என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பயமா? சொல்கிறேன்.

என் பிழைப்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரம் ஒரு நாள்தான் பத்தி எழுதுகிறவன். மற்ற நாட்களில் தூத்துக்குடியில் ஒரு சின்ன ஏஜென்சியில், கப்பலேறும் சரக்குக்கான காகிதங்களைத் தயார் செய்துகொண்டிருப்பேன். பால்துரை அண்ணாச்சி எங்கள் வாடிக்கையாளர். அவுரி இலை, அதாவது நிலாவாரை, ஏற்றுமதி. மாப்பிள்ளையூரணி பக்கம் கிடங்கு. அங்கே மூட்டை கட்டுகிற இலை ஜெர்மனிக்குப் போய், மருந்தாகி, யார் யாருடைய காலை நேரத்தையோ சுலபமாக்குகிறது. இருபது வருடப் பழக்கம். என்னை ‘தம்பி’ என்பார், சந்தோஷம் அதிகமானால் ‘ஏலே’ என்பார்.

அண்ணாச்சியிடம் ஒரு வழக்கம் உண்டு. லிஸ்ட் அடித்து முடித்து, ‘அனுப்பிவிடலாம்’ என்று என் கை மவுஸுக்குப் போகும்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். மூக்குக் கண்ணாடியை ஏற்றுவார்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்திருவோம்.”

இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அந்த ஒன்று இல்லாமல் எழுந்து போனதில்லை.

இனி என் டூல்பார். எக்செல்லில் திரையின் உச்சியில் ஒல்லியாக ஒரு பட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். சேவ், அன்டூ, ரீடூ என்று மூன்று பட்டன்களோடு சாதுவாகக் கிடக்கும். பெரும்பாலானவர்கள் அதைச் சீண்டுவதே இல்லை. ஆனால் நமக்கு வேண்டிய எதையும் அதில் பட்டனாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் இதைக் கண்டுபிடித்தேன் - அதாவது, உலகமே கண்டுபிடித்து முடித்த பிறகு.

பித்துப் பிடித்துவிட்டது எனக்கு. பிரிண்டுக்கு ஒரு பட்டன், பார்டருக்கு ஒரு பட்டன், பட்டன் சேர்ப்பதற்கே ஒரு பட்டன். பிறகு மேக்ரோ என்றொரு சமாச்சாரம் கையில் சிக்கியது. நாம் செய்கிற வேலையை ஒரு தடவை அது பக்கத்தில் இருந்து பார்த்துப் பதிவு செய்துகொள்ளும். அப்புறம் ஒரே அமுக்கு - அதே வேலையை அப்படியே செய்து முடிக்கும். ஒன்பது வாடிக்கையாளருக்கு ஒன்பது மேக்ரோ. அமுக்கினால் போதும், வாங்குபவர் விலாசம், இலையின் லத்தீன் பெயர், எல்லாம் தன் இடத்தில் வந்து உட்காரும்.

மேக்ரோ பட்டனுக்குப் படம் வைக்கச் சொல்லிக் கேட்கும். வாடிக்கையாளர் என்றால் சிரித்த முகம்தானே? ஒன்பதுக்கும் சிரித்த முகத்தையே வைத்தேன். திரை உச்சியில் ஒன்பது மஞ்சள் மூஞ்சிகள் ஒரே மாதிரி இளித்துக்கொண்டு வரிசையாக நின்றன.

படத்தோடு பெயரும் வைக்கலாம். மவுஸைப் பட்டன் மேல் சும்மா நிறுத்தினால் அந்தப் பெயர் குட்டிப் பெட்டியில் எட்டிப் பார்க்கும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தேன்.

இப்போது புரிகிறதா, ஏன் பயந்தேன் என்று?

ரோசிட்டாவின் கம்ப்யூட்டரில் இன்றுவரை அதே மூன்று பட்டன்தான். ஒவ்வொரு ஃபைலையும் போல்டர் போல்டராகப் போய்த் திறப்பாள். ‘நீ திருச்செந்தூருக்கு மதுரை சுத்திப் போறவ’ என்று நான் கேலி செய்யாத நாளில்லை. இன்றைக்கு அவள்தான் என் நாற்காலியில் இருக்கிறாள். பக்கத்தில் அண்ணாச்சி.

“இடமிருந்து எத்தனாவதுன்னு சொல்லுங்கண்ணே, போதும்.”

நல்ல யோசனைதான். ஆனால் எனக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு வலது கையை மவுஸ் பிடிப்பது போல இலை மேல் நகர்த்திப் பார்த்தேன். கை இஞ்சிப் பச்சடியில் போய் நின்றது. எதிர்வரிசைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் அப்பளத்தை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“அஞ்சு... இல்ல, ஏழா இருக்கும்,” என்றேன்.

“அண்ணே, தப்பா அமுக்கினா அடுத்த பார்ட்டி வெவரம்லா வந்து நிக்கும்?”

நிற்கும். அண்ணாச்சி கண்முன்னாலேயே விரியும். அதுவும் கூடாது.

“ரோசிட்டா... அண்ணாச்சிக்கு ஒரு டீ சொல்லேன். வெளிய காத்தாட உக்காந்து குடிக்கட்டும்.”

“டீயெல்லாம் ஆச்சு தம்பி,” அண்ணாச்சியின் குரல். “நேரம் போயிட்டிருக்கு. இந்தப் பெட்டி இன்னைக்கு ஏறலன்னா அடுத்த கப்பலுக்கு ஒரு வாரம் ஆவும். போன தடவயே லேட்டு. இனிமே லேட்டானா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்னு ஜெர்மனிக்காரன் எழுதிட்டான். சட்டுனு சொல்லு.”

சொல்வதா? எப்படி? அதற்குள் ரோசிட்டா தானாகவே வழி கண்டுபிடித்துவிட்டாள்.

“அண்ணே, மவுஸ வச்சா பேரு வருது. நான் வாசிக்கேன், நீங்க சொல்லுங்க.”

“வேண்டாம்...” என்றேன். அவள் காதில் விழவில்லை.

“முத மூஞ்சி - ‘நாளைக்கு’.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “ஏலே, இது நம்ம தென்னந்தும்பு யாவாரி ராசபாண்டிதான? எப்பக் கேட்டாலும் நாளைக்குன்னுதான் சொல்லுதான். சரியா வச்சிருக்கடே.”

“ரெண்டாவது - ‘போட்டோ அனுப்பு’.”

“உப்பு ஏஜெண்டு. கண்ண மூடிட்டுச் சொல்லலாம்,” என்று அண்ணாச்சி மேஜையைத் தட்டினார். தட்டியது ஸ்ரீவைகுண்டம் வரை கேட்டது.

மூன்றாவது ‘ஹலோ ஹலோ’. நான்காவது ‘செவ்வாய்க்கிழமை ஆகாது’. ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி ஆளைச் சொல்லி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரோசிட்டாவும் சிரித்தாள். நான் மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் ஏறி வருகிற படியின் உச்சியில் என்ன இருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும்?

ஆறாவது பட்டனில் ரோசிட்டா நின்றுவிட்டாள்.

“என்னளா நிப்பாட்டிட்ட? வாசி.”

“அது வந்து... அண்ணாச்சி...”

வாசிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெரிய திரை. அவர் தானே வாசித்தார், மெதுவாக. “ஒண்ணே... ஒண்ணு.”

அவர் நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

“அதான்,” என்றேன் நான். “அத அமுக்கு.”

அமுக்கினாள். லிஸ்ட் வந்தது. மூட்டை எண்ணிக்கை, எடை எல்லாம் அவர் சொல்லச் சொல்ல அடித்தாள். அவர் குரலில் கோபம், சிரிப்பு ஒன்றும் இல்லை. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. முடிந்தது. மணி ஒன்று ஐம்பது. நான் காத்திருந்தேன்... நாற்காலியை முன்னால் இழுக்கிற சத்தத்துக்காக. வரவில்லை.

“அண்ணாச்சி... ஒருவாட்டி பாத்துருதியளா?” என்றேன்.

“பாத்தாச்சு. அனுப்பிருங்க.”

அனுப்பிருங்க. இருபது வருடத்தில் முதல் தடவையாக எனக்கு மரியாதை கொடுத்தார். சொதிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் இரண்டு வசவு வைதிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

“அனுப்பட்டாண்ணே?” ரோசிட்டா கேட்டாள்.

அப்போதுதான் அண்ணாச்சி பேசினார். என்னிடம் இல்லை, அவளிடம். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“ஏளா, அந்தக் கண்டெய்னர் நம்பர் என்னைக்கோ போன பெட்டிக்குள்ளது. இன்னைக்கு உள்ளது இந்தா, இந்தத் துண்டுச் சீட்டுல இருக்கு. நான் சொன்னா... தப்பாயிரும். நீ பாத்து மாத்துன மாதிரி மாத்திக்கோ.”

மாற்றினாள். ஒன்று ஐம்பத்து ஐந்துக்கு லிஸ்ட் போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி ‘வாரேன்’ என்று என்னிடம் சொல்லாமல் போய்விட்டார்.

போனை ஸ்பீக்கரிலிருந்து எடுத்துவிட்டு ரோசிட்டா கேட்டாள்: “அண்ணே, உங்க பட்டன் எப்பவுமே பழைய நம்பரத்தான் போடுமா?”



போடும். எப்போதுமே போடும். மேக்ரோ பதிவு செய்த அன்றைக்கு இருந்த கண்டெய்னர் நம்பரையும் சேர்த்தல்லவா அது பதிவு செய்துவிட்டது? அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி ‘ஒண்ணே ஒண்ணு’ என்பார், நான் பெருமூச்சு விட்டுக்கொண்டே நம்பரை மாற்றுவேன். அவர்தான் சொல்லிவிடுகிறாரே, பிறகு பட்டனை ஏன் சரி செய்ய வேண்டும்? பழைய நம்பர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்டி துறைமுக யார்டில் நின்றிருக்கும். கப்பல் போயிருக்கும். ஜெர்மனிக்காரரும் போயிருப்பார். நான் சொதி குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

பட்டன் வந்த இந்த இரண்டு வருடமாக என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். என் பட்டன் வேலையை முக்கால்வாசிதான் முடித்திருக்கிறது. மீதியை ஒரு மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முடித்துக் கொடுத்திருக்கிறார். அதற்கு நான் கொடுத்த சன்மானம் ஒரு பட்டப்பெயர். வெட்கமாக இருந்தது. சொல்வதற்கென்ன, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

நம்மில் நிறையப் பேர் இப்படித்தான், இல்லையா? ‘எல்லாம் ஒரே க்ளிக்’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறோம். அந்தக் க்ளிக்குக்குப் பின்னால் ஒருவர் ‘கேஸை மூடினியா’, ‘சாவி எடுத்தியா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்கு வீட்டில் ஒரு பெயர், ஆபீஸில் ஒரு பெயர். நச்சரிப்பு, தொணதொணப்பு... உங்கள் டூல்பாரில் என்ன பெயரோ, நீங்களே மவுஸை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாகப் பட்டப்பெயர்களை எல்லாம் அழித்தேன். ‘நாளைக்கு’வை அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் மனசு வலித்தது. பிறகு அண்ணாச்சியின் மேக்ரோவைத் திருத்தினேன். கண்டெய்னர் நம்பர் கட்டம் இனிமேல் காலியாகத்தான் வரும். ரோசிட்டா பக்கத்தில் நின்று பார்த்தாள். “மதுர சுத்தி வந்துட்டியளாண்ணே?” என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

சனிக்கிழமை அண்ணாச்சி வந்தார். பெட்டி ஏறிவிட்ட காகிதத்தை வாங்கிப்போக. உட்காரவில்லை, நின்றார்.

“அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. வெளயாட்டா வச்ச பேரு. அந்த ஒண்ணு இல்லன்னா நான் எத்தன தடவ மாட்டியிருப்பேன்னு இப்பத்தான் தெரியுது,” என்றேன்.

அவர் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“பேரு வச்சதுக்கு உன்னச் சொல்லி என்ன தம்பி? ராசபாண்டிக்கு வச்சதுக்கு மேசையத் தட்டிச் சிரிச்சவன்தான நானும். நமக்குன்னு வாரப்பதான் சுருக்குங்குது.”

‘தம்பி’ திரும்பி வந்துவிட்டது. எனக்குப் போன உயிர் வந்தது.

“இப்ப என்ன பேரு வச்சிருக்க? காட்டு.”

மவுஸைக் கொண்டுபோய் ஆறாவது சிரித்த முகத்தின் மேல் நிறுத்தினேன். குட்டிப் பெட்டி எட்டிப் பார்த்தது: ‘அண்ணாச்சி பார்த்த பிறகு அனுப்பவும்’.

வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றினார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒண்ணே ஒண்ணு மட்டும்...”

என் கை அதற்குள் மவுஸுக்குப் போயிருந்தது.