ஆளுக்கொரு சர்வர்

மீஞ்சூரில் கட்டிக்கொடுத்த என் அக்காவோடு போனில் மனம்விட்டு எதையும் பேச முடியாது. மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மெசேஜ் அனுப்பினால் மாமா எடுத்துப் படிப்பார். கேம் ஆடினால் மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் நாங்கள் ஓர் ஆன்லைன் கேமில் குதிரை மேய்த்தபடி வீட்டு விஷயமெல்லாம் எழுதிக்கொள்வோம். அவள் அழுததெல்லாம் எனக்கு அங்கேதான் தெரியும்.

ஒரு நாள் கம்பெனிக்காரன் கேமை இழுத்து மூடிவிட்டான். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிக்கிறியே, நீயே ஒண்ணு தெறந்து வுடேன்டா" என்றாள்.

எங்கள் ஊர் பழவேற்காட்டில் அந்த கேமுக்காகப் புலம்பியவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மூவருமாகச் சொந்த சர்வர் எழுத உட்கார்ந்தோம். முதல் நாளே யார் தலைவன் என்று சண்டை. சரி, ஏரியில் செய்கிற மாதிரி பாடு வைத்துக்கொள்வோம் என்றேன். அந்தக் கேடுகெட்ட யோசனை என்னுடையதுதான். சீட்டில் எவன் பேர் வருகிறதோ அன்றைக்கு வலை போடும் இடம் அவனுக்கு, விழுந்த மீனும் அவனுக்கு. அதுதான் பாடு. அடுத்தவன் கை வைக்கக் கூடாது.

அச்சு அசலாக அப்படியே நடந்தது. என் முறையில் நான் லாகின் எழுதினேன். இரண்டாமவன் தரையும் மலையும் எழுதினான். மூன்றாமவன் சாட் எழுதினான். அவனவன் எழுதியதை அவனவன் பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். ஒன்றாகச் சேர்க்கலாம் வாங்கடா என்றால், "என் பாட்டுல வுழுந்தது, உனுக்கு இன்னாத்துக்கு நைனா குடுக்கணும்?" என்கிறான் சாட்காரன். நான் மட்டும் யோக்கியனா? லாகினை நானும் தரவில்லை.

கடைசியில் மூன்று சர்வர், மூன்று பெயர், மூன்று லோகோ. என்னுடையதில் ஆட ஒரு ஈ காக்கா இல்லை. அதற்குள் இரண்டு பேருக்குத் தடை போட்டிருந்தேன். எந்த இரண்டு பேர் என்று சொல்லவும் வேண்டுமா?

போன வாரம் அக்கா என் சர்வருக்குள் வந்தாள். வந்ததும் போன் அடித்து, குரலை அமுக்கி, "லாகின் ஆய்ட்சிடா. ஒரே இருட்டாக்கீது. எங்க எழுதறது?" என்றாள்.

"எழுதறது வேறவன் சர்வர்லக்கா."

"அங்க நீ வருவியா?"

"என்னிய உள்ள வுடமாட்டான்க்கா."

"அய்யோ, ஒண்ணு சொல்லணும்டா..."

அதற்குள் பின்னாலிருந்து மாமியார், "யார்கிட்டடி பேசினுகீற?" என்றார்.

"தம்பிதான் அத்த." பிறகு என்னிடம் சத்தமாக, "நான் நல்லாக்கீறேன்டா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை.