பல் செட்காரர் சொன்ன தீர்ப்பு

அவரைப் போல ஒரு தொடைநடுங்கியை வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. பஸ்ஸில் ஏறியதும் யார் யார் தடியாக இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அவர்கள் கைக்கு எட்டாத இடமாகப் போய் நிற்பார். தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் போதும், அடுத்த சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்வார். பள்ளிக்கூடத்தில் வாங்கிய உதை அப்படி. உதைத்தவனைத் திருப்பி உதைக்கத் தெம்பில்லாமல், கழிப்பறைச் சுவரோரம் நின்றுகொண்டு ஒரு கணக்குப் போட ஆரம்பித்தார். என்னை அடிக்கிற இவனை எவன் அடிப்பான்? அந்த எவனை வேறு எவன் அடிப்பான்? தலை நரைத்த பிறகும் அந்தக் கணக்கு அவரை விட்டபாடில்லை.

பிழைப்பும் அதற்குத் தோதாகவே வாய்த்தது. பல் டாக்டருடைய கிளினிக்கில், பின்பக்கத்து அறையில், பல் செட் செய்கிற வேலை. வயதானவர்களுக்குப் பல் செட் போக, சண்டை பழகுகிறவர்களுக்கு மவுத்கார்டும் செய்து கொடுப்பார். அடி விழும்போது பல் உதிராமலிருக்க வாயில் மாட்டிக்கொள்கிற ரப்பர் உறை அது. அதற்காக ஒவ்வொருவரின் பல்லையும் டாக்டர் அச்சு எடுத்துக் கொடுக்க, இவர் பிளாஸ்டரில் வார்த்து வைத்திருப்பார். பாக்ஸர், கராத்தேக்காரர், மல்யுத்தக்காரர், ஜூடோக்காரர் என்று எல்லாருடைய பல்வரிசையும் அவருடைய அலமாரியில் வெள்ளை வெளேரென்று இளித்துக்கொண்டிருக்கும். ஆளைக் கண்டால்தான் அவருக்கு நடுக்கம். வெறும் பல்லிடம் என்ன பயம்?

மதியம் சாப்பாடு ஆனதும் இரண்டு அச்சுகளை எடுத்து மேஜைமேல் எதிரும் புதிருமாக வைப்பார். எதிரே நர்ஸம்மா டீயோடு உட்கார்ந்திருப்பார்.

"கராத்தேக்காரன் தூரத்துல நின்னு உதைப்பான். அந்தக் காலை மல்யுத்தக்காரன் பிடிச்சுட்டான்னு வைங்க, கதை முடிஞ்சுது."

"சரி, பாக்ஸர் வந்தா?"

"மல்யுத்தக்காரன் குனிஞ்சுதானே வருவான். குனியற மூஞ்சிக்குக் கீழேருந்து ஒண்ணு குடுத்தா போதும்."

"இதெல்லாம் நீங்க எங்க போய்ப் பாத்தீங்க, ஜட்ஜய்யா?" என்று நர்ஸம்மா கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். பார்த்தால்தானே சொல்ல. பயிற்சி நடக்கிற ஹாலின் வாசற்படியைக்கூட அவர் மிதித்ததில்லை. போனில் சண்டை வீடியோ ஓடினாலும், மோதப்போகிற நேரம் பார்த்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ஆள். யார் ஜெயித்தது என்று தெரிந்த பிறகுதான் கண் திறக்கும். ஜட்ஜய்யா என்பது நர்ஸம்மா வைத்த பெயர்.

இந்த ஜட்ஜய்யாவின் தீர்ப்பை வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஒரே ஜீவன் அவருடைய மச்சினன். தாய் தகப்பன் போன பிறகு அக்காள் வளர்த்த பிள்ளை, அக்காள் வீட்டிலேயே இருந்துகொண்டு பாக்சிங் பழகிக்கொண்டிருந்தான். ஒருநாள் சாப்பிடும்போது, பாக்சிங்கா ஜூடோவா, எது ஜெயிக்கும் என்று கேட்டான்.

"ஜூடோக்காரனுக்குப் பிடிச்சுத் தூக்கத் துணி வேணும்டா. நீ வெறும் உடம்போட நின்னா அவன் எதைப் பிடிப்பான்? கிட்ட வர்றதுக்குள்ள நீ ரெண்டு குத்து விட்ருவ."

அவ்வளவுதான் சொன்னார். பயல் அதை அப்படியே கொண்டுபோய் ஹாலில் ஒப்பித்துவிட்டான். அதே ஹாலில்தான் காலையில் பாக்சிங், மாலையில் ஜூடோ.

அடுத்த வாரம் பல் சுத்தம் செய்துகொள்ள வந்த ஒருவர், பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றார். பார்சல் வேன் ஓட்டுகிறவர், ஜூடோக்காரர். கழுத்தும் தலையும் ஒரே அகலம். அவருடைய பல் அச்சும் அலமாரியில் இருந்தது, ஆனால் அச்சுக்குக் கழுத்து கிடையாதே.

"அந்தத் தீர்ப்பு நீங்க சொன்னதா சார்?"

பல் செட்காரர் கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தார். "சும்மா, பேச்சுக்கு."

"எனக்கும் கோவமெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க மச்சினனும் நானும் ஹால்ல பாத்துக்கலாம்னு இருக்கோம், விளையாட்டா. நீங்கதான் நடுவர். எல்லாக் கலையும் தெரிஞ்சவர் வேற யாரு இருக்கா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் இவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். முடியாது என்று சொல்லவும் பயம். தலை தானாக ஆடிவிட்டது.

மனைவிக்குத் தெரிந்தபோது அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது தேவலை.

"ஏங்க, வாய்ப்பேச்சுக்கு நீங்க, அடி வாங்கறதுக்கு என் தம்பியா? அவனுக்கு மட்டும் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் உங்க மூஞ்சிய நான் எப்படிப் பாப்பேன்? நீங்களே சொல்லுங்க."

மச்சினனிடம் வேண்டாமடா என்று கெஞ்சிப் பார்த்தார். அவன் கேட்கிற வயதா? மாமாவே சொல்லிவிட்டார், ஜெயித்தாயிற்று என்கிற மிதப்பில் திரிந்தான். அவரால் செய்ய முடிந்ததெல்லாம் ஒரு மவுத்கார்டு. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தடிமனில், நடுவில் நழுவிவிடக் கூடாதென்று ஈறோடு ஈறாக இறுக்கிச் செய்தார். மச்சினன் மாட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னான், ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. விரலை விட்டு இழுத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது.

"பேசவே முடியல மாமா."

"அங்க என்ன பிரசங்கமா பண்ணப் போற? பல்லு பத்திரமா இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் வியர்வையும் பழைய ரப்பர் விரிப்பும் கலந்த வாடை. சுவரோரம் இரண்டு கோஷ்டியும் உட்கார்ந்திருந்தது. கண்ணில் குத்தக் கூடாது, இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது, விரலை முறுக்கக் கூடாது என்று வரிசையாகப் பேசி முடித்தார்கள். எப்போது நிறுத்துவது என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை. அது இரண்டு பேருக்குமே ஊரறிந்த விஷயமாக இருந்தது. பாக்சிங்கில் விழுந்தவனுக்கு நடுவர் பத்து எண்ணுவார். ஜூடோவில் முடியாதவன் எதிராளியைக் கையால் தட்டுவான், தட்டினால் அந்த நொடியே விட்டுவிடுவார்கள். மச்சினனுக்குத் தட்டத் தெரியாதென்று டிரைவருக்குத் தெரியாது, பத்து எண்ணுவதெல்லாம் டிரைவருக்குக் கணக்கில்லை என்று மச்சினனுக்கும் தெரியாது. நடுவில் நின்ற நம் ஆளுக்கோ, கண்ணை மூடிக்கொண்டே பார்த்த வீடியோக்களில் தட்டுகிற இடமெல்லாம் தப்பிப்போயிருந்தது.

"ஆரம்பிங்க," என்றார். குரல் கீச்சென்று வந்தது.

முதல் குத்து வேன் டிரைவரின் மூக்கில் விழுந்து ரத்தம் வந்தது. பாக்சிங் கோஷ்டி கூவியது. இவருக்குக் கண் இருட்டியது, ஆனாலும் நடுவராயிற்றே, மூடக் கூடாதென்று விழித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது குத்துக்கு மச்சினன் கையை நீட்டினான், அந்தக் கை திரும்பி வரவில்லை. துணியா வேண்டும்? கையையே பிடித்துக்கொண்டார் டிரைவர். அடுத்து இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். டிரைவர் முதுகுப்பக்கமாக ஒட்டிக்கொண்டு, முழங்கையை மச்சினனின் கழுத்தைச் சுற்றிக் கொடுத்திருந்தார்.

ஆள் தரையில் விழுந்துவிட்டான். விழுந்தால் நடுவர் என்ன செய்ய வேண்டும்? அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும். எண்ண ஆரம்பித்தார்.

"ஒண்ணு. ரெண்டு."

மச்சினன் முகம் சிவந்தது. ஏதோ சொல்லப் பார்த்தான். அந்தத் தடி ரப்பருக்குப் பின்னாலிருந்து உம்மென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கழற்றி எறியலாமென்றால் இரண்டு கையிலும் கிளவுஸ்.

"மூணு. நாலு."

டிரைவர் இவனுடைய தட்டலுக்காகக் காத்திருந்தார். சுவரோரம் ஒரே இரைச்சல். இவருக்குத் தன் குரல் தனக்கே கேட்கவில்லை, ஆனாலும் விடாமல் எண்ணினார். எண்ணாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம்.

"அஞ்சு. ஆறு. ஏழு."

மச்சினனின் குதிகால் விரிப்பில் ஒருமுறை உரசி நின்றது. பாதம் பக்கவாட்டில் சாய்ந்தது. கண் பாதி திறந்திருந்தது, அது யாரையும் பார்க்கவில்லை.

"எட்டு," என்று சொல்லி முடித்த பிறகுதான் மனைவியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குமேல் எந்தக் கலையில் என்ன பிடி என்பதெல்லாம் மறந்துபோயிற்று. ஓவென்று கத்திக்கொண்டு மேலே விழுந்து, டிரைவரின் முழங்கையை நறுக்கென்று கடித்தார். வாழ்நாள் முழுக்க ஊரார் பல்லைத் தேய்த்துக் கொடுத்த மனிதர், சொந்தப் பல்லை அன்றைக்குத்தான் உபயோகித்தார். டிரைவர் அலறிக்கொண்டு கையை விட்டார்.

மவுத்கார்டை இழுத்துக் கழற்றப் போனபோது பல் செட்காரரின் விரல் இரண்டு தடவை வழுக்கியது. ஒரு மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று. மச்சினன் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தான். டிரைவர் ரத்தம் வழிகிற கையோடு சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"தட்டலையே சார். தட்டியிருந்தா விட்டிருப்பேனே சார்."

ஒன்றும் பயமில்லை, நாளைக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் ஹால் பையன்கள் வீட்டுக்குப் போன் பண்ணி, மாமாதான் பாய்ந்து விழுந்து காப்பாற்றினார் என்று சொல்லியிருந்தார்கள். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். தம்பியின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள், பிறகு இவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் பிடித்த பிடி.

"உங்களப் போயி பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேனே," என்றாள். இருவருக்கும் தட்டு வைத்தாள். தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

மச்சினன் கரகரத்த குரலில் மெல்லப் பேசினான். "கழுத்தப் பிடிச்சதும் பயந்துட்டேன் மாமா. அப்புறம் ஒண்ணு ரெண்டுன்னு உங்க குரல் கேட்டுச்சு. சரி, மாமா எண்ணுறாரு, பத்து வந்தா பிரிச்சு விட்ருவாருன்னு பொறுத்துக்கிட்டேன். அதனாலதான் நான் முரண்டு பண்ணல."

அவர் கை தட்டிலேயே நின்றது.

"அஞ்சு வரைக்கும் கேட்டுச்சு மாமா. எத்தனை வரைக்கும் எண்ணுனீங்க?"

மனைவி தண்ணீரோடு வருகிற சத்தம் கேட்டது. காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"அஞ்சுதாண்டா," என்றார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "அதோட நிறுத்திட்டேன்."