கழிவறைக்கு ஓர் உபயகாரர்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். பின்பக்கக் கதவைத் திறந்ததும் பினாயில் வாசம் மூக்கில் ஏறியது. உங்களுக்கு அந்த வாசம் எதை நினைவுபடுத்துமோ தெரியாது. எனக்கு என் முதல் வேலை நினைவுக்கு வந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் என்ன பேச்சு இது என்று முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

கிள்ளானைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு கம்பம், அதாவது சின்னக் கிராமம். அலையாத்திக் காடு, படகுச் சவாரி, நண்டுக் கறி என்று ஊராரே சேர்ந்து சுற்றுலா நடத்தினார்கள். சனிக்கிழமைதோறும் கோலாலம்பூரிலிருந்து ஒரு பஸ் வரும். பழைய தோட்ட ஆபீஸ்தான் வருகையாளர் மையம். நான் அதன் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றால் சாவியும் துடைப்பமும் என்னிடம் இருந்தன, அவ்வளவுதான்.

கோயிலுக்குச் செய்வது போலவே மையத்துக்கும் ஆளாளுக்கு உபயம் செய்தார்கள். பொருளை வாங்கிக் கொடுப்பார்கள், கூடவே பெயரையும் எழுதிவிடுவார்கள். கடிகாரத்தில் பெயர், பெஞ்சில் பெயர். விசிறி கொடுத்தவர் இறக்கைகளில் எழுதியிருந்தார். அது சுற்றினால் பெயர் தெரியாதே! அவர் தலை தெரிந்தாலே ஓடிப்போய் விசிறியை நிறுத்துவேன். வேர்த்து வடிந்தாலும் மனிதருக்குப் பரம திருப்தி.

கழிவறைக்கு மட்டும் உபயகாரர் கிடைக்கவில்லை. வந்தவர்கள் அவசரத்துக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பஸ் ஏஜென்ட் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அடுத்த மாசத்துக்குள்ள டாய்லெட் இல்லன்னா பஸ் இங்க நிக்காது பாஸ். வயசானவங்கள வச்சிக்கிட்டு நான் என்ன லா செய்யறது?"

என் வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்வேன். ஆனால் பிலோமினா ஆன்டியும் இன்னும் சில பெண்களும் அந்த ஒரு பஸ்ஸை நம்பித்தான் மதியச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார்கள். அவசரமாகக் கூட்டம் கூட்டினோம். சுற்றுலாக் குழுத் தலைவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"கக்கூஸ்ல போய் யாரு லா பேரு போடுவா? ஊரே சிரிக்கும்" என்றார் விசிறிக்காரர்.

பின்வரிசையிலிருந்து பிலோமினா ஆன்டி எழுந்தார். சர்ச்சில் பாட்டுக்குழுவை நடத்துகிறவர், அவருக்கு மைக் தேவையில்லை.

"என் பேர போடுங்க. பெருசா போடுங்க. அவசரத்துல வரவங்க தேடிக்கிட்டு நிக்கக்கூடாது."

வீட்டுச் சமையற்கட்டை இழுத்துக் கட்ட அவர் சேர்த்து வைத்திருந்த பணம் அது. அன்று அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

நீலச் சாயத்தில் 'உபயம்: பிலோமினா குடும்பத்தினர்' என்று எழுதிய கழிவறை எழுந்தது. பஸ் நின்றது. பிறகு ஒரு பஸ் இரண்டாயிற்று. வந்தவர்களுக்கு ஊர்ப் பெயர் மறந்தாலும் அந்தப் பெயர் மறக்கவில்லை. "பிலோமினாவுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்பது ஊர்ப் பேச்சாகவே ஆகிவிட்டது. அதைக் கேட்டு ஆன்டி அடுப்படியில் விழுந்து விழுந்து சிரிப்பார். கிராமச் சுற்றுலாவை வளர்ப்பது எப்படி என்று யார் கேட்டாலும் இன்றும் அடித்துச் சொல்வேன்: முதலில் கழிவறை கட்டுங்கள், வரவேற்பு வளைவெல்லாம் அப்புறம்.

பிறகு நிலம் கைமாறியது. கிடங்கு கட்டப்போவதாகச் சொன்னார்கள். கடைசி வாரம் ஒவ்வொருவராக வந்து தங்கள் உபயத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கழிவறையை யார் கழற்ற முடியும்? இடிக்கிற அன்று காலையில் சாவியை ஒப்படைக்கப் போனேன். ஆன்டி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு இடிக்கப் போறாங்க ஆன்டி. இத ஏன் கழுவறீங்க?"

"இடிக்கறவங்களும் மனுசங்கதானே தம்பி. அவங்க மட்டும் எங்க போவாங்க?"

புல்டோசர் ஓட்டி வந்தவர் இறங்கியதும் நேரே அங்கேதான் போனார். வெளியே வந்து ஆன்டியிடம் "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொன்னார். மற்றதையெல்லாம் இடித்து முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அந்தச் சுவருக்கு வந்தார்.

இப்போது அங்கே வரிசையாகக் கிடங்குகள். போர்ட் கிள்ளானிலிருந்து வரும் லோரிக்காரர்கள் ஒதுங்க இடமில்லாமல் மதிலோரமாக நிற்கிறார்கள்.