அவிய எப்பப் போவாவ?

எங்கள் வீட்டில் அந்த மாசம் இரண்டு விருந்தாளிகள் இருந்தார்கள். ஒருவர் கூமாப்பட்டியில் இருந்து வந்த என் அண்ணன். இன்னொருவர் வேறு ஏதோ கிரகத்தில் இருந்து வந்தவர். அவர் செல்போனுக்குள் இருந்தார்.

போனுக்குள் இருந்தவரை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள்கள் இரண்டு பேரும் ஒரு சிரிப்புத் தொடர் பார்ப்பார்கள். யாரோ வெளிநாட்டுக் குடும்பம். அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு விண்கலம் வந்து விழும். அதில் இருந்து இறங்கின ஆள் அந்த வீட்டிலேயே தங்கிவிடுவார். அவருக்கு மூன்று கண். சட்டியில் இருக்கிறதும் போதாமல் பாத்திரம் தேய்க்கிற சோப்பையும் தின்பார். எல்லாரையும் தமிழில் பேசவைத்துப் போடுகிறார்கள். அப்போது கடைசி சீசன் ஓடிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு புதுக் கதை, அதையே தினமும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அவர் தன் ஊருக்குத் திரும்பிப் போவாரா, இங்கேயே இருந்துவிடுவாரா என்று என் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது.

தொடர் ஆரம்பித்த காலத்தில் சின்னவள், "அப்பா, அது சோப்பத் தின்னுட்டுப்பா" என்று வந்து சொன்னாள். எனக்கு அந்த 'அது' பிடிக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனாலும் சில விசயத்தில் விடமாட்டேன்.

"ஒரு வீட்ல வந்து தங்கியிருக்கவியள அது இதுன்னு சொல்லலாமாட்டி? அவியன்னு சொல்லு."

"அதுக்கு மூணு கண்ணுப்பா."

"சிவனுக்கும் மூணு கண்ணுதான். சாமிய அதுன்னா சொல்லுத?"

அன்றிலிருந்து அந்தக் கிரகத்துக்காரர் எங்கள் வீட்டில் 'அவிய' ஆகிவிட்டார். பிள்ளைக்கு மரியாதை சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் அண்ணன் வந்தார். எங்கள் ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண்புரை ஆபரேசன். ஒரு மாசம் கண்ணில் தூசி படக்கூடாது, குனிந்து வேலை செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூமாப்பட்டியில் இருந்தால் வயலில் இறங்காமல் இருக்கமாட்டார். அதனால் மதினியே போன் போட்டு, "தம்பி, உங்க வீட்லயே வச்சுக்கோங்க, இங்க வந்தா மம்பட்டியத் தூக்கிருவாவ" என்றார்கள்.

எங்கள் வீடு இரண்டே அறை. உள் அறையை அண்ணனுக்குக் கொடுத்தோம். ஆபரேசன் செய்த கண்ணுக்கு மேல் பச்சைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பார். அவருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று டிவியை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளிடம், "போன்ல பாருங்க, காதுல மாட்டிக்கிட்டுப் பாருங்க, சத்தமே வரக்கூடாது" என்று சொன்னேன். ஒயரில் ஒரு முனையைப் பெரியவளும் மறுமுனையைச் சின்னவளும் மாட்டிக்கொண்டு தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். சின்னவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நேரம் பார்த்துப் பெரியப்பாவுக்குச் சொட்டு மருந்து ஊற்றுவது. மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள், நர்ஸம்மா மாதிரி அதட்டுவாள்.

வேலை செய்தே பழகின ஆள் சும்மா இருந்தால் என்ன ஆகும்? அண்ணன் நடந்தார். உள் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். மோட்டார் ஓடுதா, மடை திறந்தியா என்று மதினிக்கு மணிக்கொரு தடவை போன் போட்டார். நான் மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்து செத்த நேரம் கண் அசந்தால் அந்தக் காலடிச் சத்தம் என் தலைக்குள் நடக்கும். எனக்கும் இருப்புக்கொள்ளாமல் ஆகிவிட்டது. ஒருநாள் அடுப்படியில் வைத்து என் வீட்டுக்காரியிடம் மெதுவாகக் கேட்டேன்: "அண்ணன் எப்பக் கிளம்புவாவன்னு மதினி ஏதும் சொன்னாவளா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்த வாரம் ஒருநாள், நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது வீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள்.

"உங்க அண்ணன் மருந்து வாங்கிட்டு வாரேன்னு போனாவ. ஒரு மணி நேரம் ஆச்சு. உள்ள பாத்தா பையக் காணோம். சொட்டு மருந்து மட்டும் இங்கன இருக்கு."

போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. கூமாப்பட்டிக்குப் போகிறவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கித்தான் வத்திராயிருப்பு பஸ் மாறவேண்டும். மருந்து டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

வழியெல்லாம் காற்று. லாரி போகிறபோதெல்லாம் மண் வாரி முகத்தில் அடித்தது. என் கண்ணே எரிந்தது. அறுத்துத் தைத்த கண் என்னத்துக்கு ஆகும்? கண் போச்சுன்னா மதினிக்கு என்ன பதில் சொல்லுவேன்? எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. அடுப்படியில் நான் கேட்டது அவர் காதில் விழுந்திருக்குமோ?

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். பச்சைத் துணிக்கு மேல் துண்டை முக்காடு மாதிரி போட்டிருந்தார். மடியில் பை.

"அண்ணே, என்ன இது? சொல்லாமக் கொள்ளாம?"

"வாலே. டீ குடிக்கியா?"

"டீ கெடக்கட்டும். ஏன் வந்தீங்க?"

அவர் பஸ் வருகிற பக்கமே பார்த்தார். "பிள்ளைகளுக்குச் சலிச்சுப் போச்சுலே. தப்பில்ல. சின்னப் பிள்ளைக மனசுல இருக்கதச் சொல்லும்."

"என்ன சொல்லுச்சு?"

"நாலஞ்சு நாளாக் கேக்கேன். 'அவிய எப்பப் போவாவ'ன்னு சின்னவ கேக்கா. 'இதுதான் கடைசி, இதோட கிளம்பிருவாவ'ங்கா பெரியவ. 'எம்புட்டுச் சாப்பிடுதாவ பாரு'ங்கா. அது கூடப் பொறுத்துக்கிட்டேன். இன்னைக்கு, 'ஐயே, கண்ணு பச்சையா இருக்கு'ன்னு ரெண்டும் சேந்து சிரிக்குதுக."

எனக்கு விளங்கச் செத்த நேரம் ஆனது. விளங்கினதும் சிரித்துவிட்டேன். அது பெரிய தப்பு. அண்ணன் முகம் சுருங்கிப்போனது.

"இல்லண்ணே, அது உங்களப் பத்தி இல்ல. போன்ல ஒரு கதை. வானத்துல இருந்து ஒருத்தர் வந்து..."

"ஏலே, எனக்குக் கண்ணுலதான் ஆபரேசன். மூளையில இல்ல."

"சத்தியமாண்ணே. காதுல மாட்டிப் பாத்ததால கதை உங்களுக்குக் கேக்கல, பேச்சு மட்டும் கேட்டுருக்கு."

"வானத்துல இருந்து வந்தவன அவியன்னா சொல்லுவாக? யாரு அப்படிச் சொல்லிக் குடுத்தது?"

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். பெரியவள் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் காதுப்பக்கம் பிடித்தேன். வேறு எதுவும் சொல்லாமல், "ஏட்டி, கதையில அவிய என்ன ஆனாவ?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் மூச்சுவிடாமல் கொட்டினாள். "அப்பா, அவியளுக்கு மூணு கண்ணு இருக்குல்லா, அதுல நடுக்கண்ணு பச்சையாயிருச்சுப்பா. ஊரு ஞாபகம் வந்தாப் பச்சையாவுமாம். கடைசிக் கதை இன்னும் வரல. அடுத்த வாரந்தான். போயிருவாவன்னு நான் சொல்லுதேன், இவ போகமாட்டாவங்கா."

பின்னால் இருந்து சின்னவள் போனைப் பிடுங்குகிற சத்தம். "அப்பா, பெரியப்பாவப் பாத்தியளா? சொட்டு ஊத்த நேரம் ஆயிட்டு. எங்க போனாவ, சொல்லாம? வரட்டும், இருக்கு அவியளுக்கு."

போனை அணைத்தேன். அண்ணன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு கண்ணாலே அவனுக்கு?"

"மூணு."

"நமக்கு ரெண்டுல ஒண்ணையே பாத்துக்க முடியல."

வத்திராயிருப்பு பஸ் வந்து நின்றது. ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். அண்ணன் எழுந்திருக்கவும் இல்லை, என்னோடு வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். பழி பிள்ளைகள் மேலும் போனுக்குள் இருந்தவர் மேலும் போய்விட்டது. நான் தப்பித்துவிட்டேன். ஆனால் நிற்கமுடியவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்தேன்.

"அண்ணே, நானும் ஒருநாள் கேட்டேன். அடுப்படியில. எப்பக் கிளம்புவாவன்னு. அது கதையில்ல. உங்களத்தான்."

"தெரியும்."

"கேட்டுச்சா?"

"சுவரு மெல்லிசுலே உன் வீட்ல." பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அதுக்கு நான் கிளம்பல. நீ தம்பி. நீ கேப்ப. நாளைக்கு நீ எங்கிட்ட வந்து கிடந்தா நானும் உன் மதினிகிட்டக் கேப்பேன். பிள்ளைக கேட்டதுதான் தாங்கல."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கிளம்பிப் போனது. நான் டப்பாவை எடுத்து, அங்கேயே சொட்டு விடவா என்று கேட்டேன்.

"உன் கையில கிரீஸு. அவ ஊத்தட்டும். நீ ஊத்துனது தெரிஞ்சா அதுக்கும் வைவா." பையை என்னிடம் கொடுத்தார்.

பின்னால் உட்கார்ந்து, துண்டை இறுக்கிக் கட்டி, காற்றுப் படாமல் முகத்தை என் முதுகில் அமுக்கிக்கொண்டார். "மெதுவாப் போலே, தூசி" என்றார். நான் இருபதுக்கு மேல் முறுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் முதுகில் இருந்து குரல் வந்தது.

"அவன் போனா அந்தப் பிள்ளைக அழுமோ?"

"அழும்ணே."

"கண்ணு பச்சையாவுதுல்லா. அப்பப் போறதுதான் சரி."

மதினியும் மடையும் அவர் நினைப்பில் வந்திருக்கும் என்று தோன்றியது. ஆபரேசன் ஆறின பிறகு அவரும் போகத்தான் போகிறார். அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

ஊருக்குள் நுழைகிறபோது முதுகைத் தட்டினார். "மணி என்னலே? கொஞ்சம் விரட்டிப் போயேன். பிள்ள மருந்த வச்சுக்கிட்டு நிக்கும்."

மருந்து என் சட்டைப்பையில்தான் இருந்தது, ஸ்டாண்டில் அவரே பார்த்ததுதான். நான் சொல்லவில்லை. வண்டியை முறுக்கினேன்.