பென்சிலில் போட்ட இருபத்தாறு வீடுகள்

காலை பத்து இருபதுக்கு ஜீப் நின்றது. இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சர்வே கல். அதில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஒரு பெண் ஓடி வந்து கயிற்றை அவிழ்த்தார். அளவுச் சங்கிலி பிடிப்பவர் படத்தில் விரலை வைத்து அந்தக் கல்லின் எண்ணை உரக்கப் படித்தார்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஓர் ஏரிக்குக் கீழே, தொழிற்சாலைகளுக்கு நிலம் ஒதுக்கியிருந்தார்கள். நான் அப்போது பத்திரிகைக்கு வரவில்லை. திருவள்ளூரில் படம் வரையும் அலுவலகம் ஒன்றில் டிரேசர். ஒருவர் வரைந்த படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளை மையால் எடுப்பது வேலை.

ஜீப்பின் முன்பக்கத்தில் மூன்று அலுவலகங்களின் மூன்று படங்களை விரித்தார்கள். பட்டா கொடுப்பவர்களின் படம் சங்கிலிக் கணக்கில் இருந்தது. ஏரியைப் பார்ப்பவர்களின் படம் அடிக் கணக்கில். தொழிற்பேட்டைக்காரர்களின் படம் மீட்டரில். ஒன்றில் புல எண்கள் இருந்தன, ஓடை இல்லை. ஒன்றில் ஓடை இருந்தது, எண்கள் இல்லை. மூன்றாவதில் சாலைகள் மட்டும். ஒருவர் படத்தை இன்னொருவர் வாங்கினாலும் தமக்கு வேண்டியதை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். மூன்றையும் ஒரே படமாக்கும் வேலை எனக்கு வந்தது.

எங்கள் எதிரே இருந்த குடிசைகள் மூன்றிலும் இல்லை. ஏரி நிரம்பி வழியும் நீர் ஓடும் ஓடையின் கரையில், புறம்போக்கில், கூலி வேலைக்காரர்கள் கட்டியவை. எண்ணினேன். இருபத்தாறு.

ஓடை தொழிற்சாலை மனைகளின் நடுவே போனது. அதைத் திருப்பியாக வேண்டும். வாய்க்கால் வெட்டி, படத்தில் வெற்று நிலமாகக் காட்டிய இந்தக் குடிசை இடத்துக்குத் திருப்பிவிடுவது என்று மூன்று அலுவலகங்களும் ஒப்புக்கொண்டிருந்தன. வீடு காட்டியிருந்தால் வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இதை ஏரி அலுவலகத்து ஓவர்சியர் அங்கேயே உரக்கச் சொன்னார். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், எங்க ஊடு இதுல கீதா?" என்று என்னிடம் கேட்டார்.

இன்னும் போடவில்லை என்றேன்.

"கல்லுக்கே நம்பர் வெச்சிருக்கீங்க. நாங்க பத்து வருசமா குந்திக்கினு கீறோம், எங்களுக்கு இல்லியா?"

சங்கிலிக்காரர் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தார். பிறகு தன் வீட்டை என்னிடம் காட்டினார். ஓடையிலிருந்து மூன்றாவது. அவர் கணவர் வாசலில் நின்று, தொழிற்சாலை வந்தால் தனக்கு வேலை கிடைக்குமா என்று ஓவர்சியரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து படத்தை முடித்தேன். குடிசைகளை என்ன செய்வது என்று தலைமை வரைவாளரிடம் கேட்டேன். கெட்டவர் அல்ல. என் படத்தைக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

"பட்டா இல்லாத ஊட்டுக்கு மை போடாத. பென்சில்ல போட்டு வெய்யி. லெட்டர் வந்தா மை ஏத்திக்கலாம்."

இருபத்தாறு சதுரங்களையும் கெட்டிப் பென்சிலில் மெல்லிசாகப் போட்டேன். அங்கே குடியிருப்பு உண்டு என்று சான்று கேட்டுப் பட்டா அலுவலகத்துக்குக் கடிதம் போனது. இடம் ஓடைக்கரை, ஏரி அலுவலகத்தைக் கேட்கவும் என்று பதில் வந்தது. ஏரி அலுவலகம், நீர் மட்டுமே தங்கள் பொறுப்பு, குடியிருப்பு அல்ல என்று எழுதியது. மறுபடியும் பட்டா அலுவலகத்துக்கு எழுதினோம். அதற்குள் தொழிற்பேட்டையிலிருந்து, பிரதிகள் அவசரம் என்று ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"லெட்டர் வந்துச்சா?" என்றார் தலைமை வரைவாளர்.

"வரல சார்."

"அப்ப அனுப்பு."

அம்மோனியாப் புகை காட்டி எடுக்கும் பிரதியில் மைக்கோடு விழும். மெல்லிய பென்சில் கோடு விழாது. டிரேசர் வேலையில் முதல் நாள் சொல்லித் தருவது அது. துணியைச் சுருட்டிப் பிரதி அறைக்குக் கொண்டுபோனது நான். ஆறு பிரதிகள் வந்தன, கண் எரியும் வாடையோடு. ஓடைக்கரை வெள்ளையாக இருந்தது. ஆறிலும் பார்த்தேன். மூன்று அலுவலகத்தாரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு நான் பத்திரிகையில் சேர்ந்தேன். அதற்கடுத்த கார்த்திகை மழையில் ஏரி வழிந்தது என்று செய்தி வந்தபோது, இடம் தெரிந்தவன் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

புது வாய்க்கால் படத்தில் இருந்தபடியே சரியாக வெட்டியிருந்தது. குடிசைகளுக்குச் சற்று மேலே வந்து முடிந்திருந்தது. விடிந்த பிறகுதான் தண்ணீர் ஏறியது, அதனால் பெரும்பாலோர் ரயில் பாதை மேட்டுக்கு வந்துவிட்டார்கள். மூன்று பேர் பிழைக்கவில்லை. அவர்களில் ஒருவரான அந்தப் பெண்ணின் கணவர் மேட்டுக்கு வந்தவர்தான். ரேஷன் கார்டை எடுக்கத் திரும்பிப் போனார். மறுநாள் தொழிற்சாலைக் கம்பி வேலியில் கிடைத்தார். வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. வேலி போடுகிற வேலை.

மேட்டில் நிவாரண அதிகாரி ஒருவர் மடக்கு மேசை போட்டிருந்தார். கையில் எங்கள் பிரதி. இங்கே குடியிருப்பே இல்லையே, எத்தனை வீடு என்று எப்படி எழுதுவது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அழவில்லை. குரலும் உயரவில்லை.

"நீங்கதான சார் அன்னிக்கு எண்ணிக்கினு போனீங்க? எத்தினி ஊடுன்னு கேக்கறாரு. சொல்லுங்க."

இருபத்தாறு என்றேன். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அதிகாரி மரியாதையாகவே கேட்டார். மூலப்படத்தில் இருக்கிறது என்றேன். கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் பழைய அலுவலகத்துக்குப் போனேன். தலைமை வரைவாளர் ஓய்வு பெற்றிருந்தார். படம் இருந்த தகர உருளையைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. மேசை மேல் துணியை விரித்து, நான்கு முனைகளிலும் மைப்புட்டிகளை வைத்தேன். படத்தின் மூலையில் எங்களுக்கு வந்த மூன்று பதில் கடிதங்களும் குண்டூசியில் குத்தியிருந்தன. மூன்றாவது கடிதம் பட்டா அலுவலகத்தின் சான்று. குடியிருப்பு உண்டு என்று எழுதியிருந்தது. பிரதிகள் போன பதினோராம் நாள் வந்து சேர்ந்ததாக முத்திரை இருந்தது.

ஓடைக்கரையில் இருபத்தாறு சதுரங்களும் பென்சிலிலேயே இருந்தன.