முனியாண்டிக்கு விட்ட புல்

பூமிசாஸ்திரப் புத்தகத்தில் ஆறு எப்போதும் நீல நிறம். நான் வாத்தியாராக இருந்த ரப்பர்த் தோட்டத்தில் அது செம்மண் நிறம். ஆற்றை வரையச் சொன்னால் பிள்ளைகள் சிலேட்டை ஓரமாக வைத்துவிட்டு, செங்கல் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்து தரையில் வரைவார்கள். "ஆறு நீலமாக இருக்க வேண்டும்!" என்று நான் அதட்டுவேன். பள்ளிக்கூடத்தில் நீலச் சுண்ணக்கட்டி கிடையாது. ஆற்றிலும் நீலம் கிடையாது. அதட்டல் மட்டும் தாராளமாக இருந்தது.

தெஹியோவிட்டவிலிருந்து உள்ளே ஏறிப் போக வேண்டிய தோட்டம் அது. காலையில் ரப்பர் ஸ்டோரை ஒட்டிய கொட்டகையில் பாடம் நடத்துவேன். வெயில் ஏறியதும் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் ஆபீசுக்குப் போய் மொழிபெயர்ப்பேன். துரைக்குத் தமிழ் தெரியும், ஏசுவதற்குப் போதுமான அளவு. அதற்கு மேல் ஏதாவது விளங்க வேண்டியிருந்தாலோ, சிங்களத்தில் பேச யாராவது வந்து நின்றாலோ என்னைக் கூப்பிடுவார்.

அந்த மலையில் ஒருவர் யார் என்று விசாரிக்கத் தேவையில்லை. எந்த உயரத்தில் தூங்குகிறார் என்று பார்த்தால் போதும். உச்சியில் துரை பங்களா. காற்று, ஊற்று, மேகம் எல்லாம் அங்கே முதல் கை. அதற்குக் கீழே பெரிய கங்காணியின் ஓட்டு வீடு. அதற்கும் கீழே ஸ்டோர், ஸ்டோரின் நாற்றம், நாற்றத்துக்குப் பக்கத்தில் நான். எனக்குக் கீழே ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்கள். லயங்களுக்குக் கீழே ஓடை விழும் பள்ளம், பள்ளத்தின் வாயில் தோட்டத்து எல்லை, எல்லைக்கு அப்பால் சிங்களக் கிராமத்தின் வயல்கள். மேலே பார்த்துக் குனிவதும் கீழே பார்த்து நிமிர்வதுமாக எனக்கு எப்போதும் கழுத்துவலி. தண்ணீரும் இந்த ஒழுங்கை மதித்தே நடந்தது. மேலே குளித்ததைக் கீழே குடித்தார்கள்.

இவ்வளவையும் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது புல் விஷயம்.

துரைக்குப் புல் ஆகாது. ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு கொத்துப் புல்லைக் கண்டால், யாரோ தன் பங்களாச் சாப்பாட்டு மேசையில் துப்பிவிட்டதைப் போல முகம் சிவந்துவிடும். பிற தோட்டத்துத் துரைமார் வந்தால் மலைக்கு அழைத்துப் போய், சவரம் செய்த தலையைப் போலப் பளபளக்கும் மண்ணைக் காட்டுவார். அந்தச் சவரத்தைச் செய்வது புல்லுவெட்டு ஆட்கள். சுரண்டியை வைத்துத் தரையோடு தரையாக வழிப்பார்கள். புல்லோடு மேல் மண்ணும் வழிந்து வரும். வழித்த இடத்தில் புல்லுவெட்டுக் கங்காணி ஒரு முளையைக் கண்டுவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். அதாவது முழு நாளும் குனிந்து வேலை செய்தவருக்கு அரை நாள் கூலி. அப்புறம் மழை வரும். வழித்து விட்ட மண்ணுக்கு வழி சொல்லவா வேண்டும்? எங்கள் மலை ஓடைக்குப் போகும், ஓடையிலிருந்து களனி கங்கைக்குப் போகும், கங்கையோடு கொழும்புக்குப் போய்க் கடலைப் பார்க்கும். தோட்டத்தில் பிறந்தவர்களில் பலர் கடலைப் பார்த்ததில்லை. அவர்கள் மிதித்த மண் பார்த்துவிட்டது.

இப்போது அதே துரைமார் வர்க்கம் புல் விடச் சொல்கிறது, மழைத்தண்ணீர் போகக் கான் வெட்டச் சொல்கிறது, மண் கரையக் கூடாது என்கிறது. எந்தத் தேசத்திலோ ஒரு நிபுணர் கண்டுபிடித்தாராம். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தோட்டத்துத் தமிழில் பேசினேன். என் மனைவி ஜன்னலைச் சாத்தினாள்.

பள்ளத்துக்கு மேலே, லயங்களுக்கு எதிர்ச் சரிவில் கொஞ்சம் காடு மிச்சமிருந்தது. அதை வெட்டி எரித்து ரப்பர்க் கன்று வைத்தார்கள். அந்தச் சரிவுக்கு நேர் கீழே ஒரு சிங்களவரின் வயல் இருந்தது. ஐம்பது வயதிருக்கும், கொண்டை முடிந்தவர், மெல்லப் பேசுபவர். அந்த ஒரு துண்டு வயல்தான் அவருடைய குடும்பத்துக்குச் சோறு. பலாக்காய், வெற்றிலை, பாக்கு என்று சுமந்துகொண்டு லயத்துக்கு வருவார். எங்கள் ஆட்களோடு பேசிப் பேசித் தமிழும் பழகியிருந்தார். தோட்டத்து அரிசி வரத் தாமதமான நாட்களில் அவருடைய பலாக்காய்தான் லயத்தில் கொதித்தது. எங்கள் பெண்கள் அவரை "அய்யே" என்று கூப்பிடுவார்கள். சிங்களத்தில் அண்ணன் என்று அர்த்தம்.

காடு போன பிறகு வந்த முதல் மழையிலேயே அவருடைய வயலில் மணல் ஏறியது. அடுத்த மழையில் நாற்று மூடிப்போயிற்று. ஒரு நாள் அவர் ஒரு பாக்குமட்டை நிறையச் செம்மணலை அள்ளிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். துரையின் மேசையில் அதைப் பக்குவமாக வைத்துவிட்டுச் சிங்களத்தில் என்னிடம் சொன்னார்:

"மாத்தயா, இது என் வயலில் கிடந்தது. துரையுடைய மலை. திருப்பிக் கொடுக்க வந்தேன்."

மொழிபெயர்த்தேன். இவ்வளவு சுத்தமான வாக்கியம் என் வாயிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

துரை மணலைப் பார்த்தார். "மழையை நான் பெய்விக்கவில்லை என்று அவனிடம் சொல்" என்றார்.

சொன்னேன்.

"என் அப்பா காலத்திலும் மழை பெய்தது" என்றார் அவர்.

அதையும் சொன்னேன். துரை தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, மேசையைத் துடைக்கும்படி என்னிடம் சொன்னார். துடைத்தேன். படித்த படிப்புக்கு அன்றைக்குக் கிடைத்த வேலை அது.

சாயந்தரம் லயத்தின் கடைசிக் காம்பராக்காரி, கடைசி அறையில் குடியிருப்பவள், வழியை மறித்தாள். புல்லுவெட்டுப் பெண்களில் வாய் நீளமானவள். கங்காணியே அவளிடம் அளந்துதான் பேசுவார்.

"என்னங்க வாத்தியாரே, அய்யே வந்து போனாரே, தொரை என்னா சொன்னாரு?"

"மழைதான் காரணமாம்."

"அப்ப மழைக்கு அரைப்பேர் போடச் சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நாம சொரண்டுற மண்ணுதான அவரு வயித்துல போயி விழுது? பள்ளத்து ஓரமா ஒரு பட்டை மானாப்புல்ல விட்டா மண்ணு அதுலயே நின்னுரும்ல?" என்றாள்.

"விட்டால் அரைப்பேர் விழுமே" என்றேன்.

"தொரை பயப்படுற ஆளு ஒருத்தரு இருக்காருல்ல" என்றார் கங்காணி, சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே.

எனக்கு விளங்கவில்லை. மற்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. துரை முன்பொரு தடவை மலையில் சாமி கும்பிடும் கல்லொன்றைப் புரட்டிப் போட்டுவிட்டு, மறுநாள் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் ஒருவரும் வராமல் தன் நாயோடு தனியாக நின்றவர். அன்றிலிருந்து சாமி இருக்கும் இடத்தில் கை வைப்பதில்லை.

சில மாதம் கழித்துத் துரை அந்தச் சரிவுக்குப் போனபோது, பள்ளத்து விளிம்பு நெடுக இடுப்பளவு மானாப்புல் ஆடிக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு கல், கல்லில் குங்குமம், பக்கத்தில் ஒரு சூலாயுதம். துரையின் முகம் வழக்கம்போல் சிவந்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"முனியாண்டி வந்திருக்கிறாராம்" என்றேன்.

"ஒரு கல்லுக்கு எதற்கு இவ்வளவு புல்?"

கங்காணியிடம் கேட்டேன். அவர் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சாமி ராவையில இந்த ஓரமாத்தாங்க ஒலாத்துறாரு. வெட்டுனா கோவம் வரும்ங்க. சாமிக்குக் கோவம் வந்தா ஆளுக நிக்காதுங்க" என்றார்.

கடைசி வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. துரை பிரம்பால் ஒரு புல்லைத் தட்டிவிட்டு மேலே ஏறிப் போனார்.

அந்த வருஷத்து மழைக்கு மலை வழக்கம்போல் கரைந்தது. ஆனால் புல்லோடு நின்றது. வயலில் நெல் விளைந்தது. அய்யே புத்தரிசியில் பால்சோறு ஆக்கிக் கொண்டுவந்து, புல்லை விலக்கி உள்ளே போய், முனியாண்டிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். புல்லைக் கும்பிட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையை எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

ஏனென்றால் அதற்குப் பிறகு முனியாண்டிக்குப் பெயர் வந்துவிட்டது. ஒரு பெண்ணுக்குப் பிள்ளை தங்கியது, முனியாண்டி. ஒருவருக்குக் காய்ச்சல் விட்டது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் படுத்திருந்துதான் விட்டது என்றாலும் முனியாண்டி. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சுருட்டும் சாராயமும் சேவலும் வந்தன. கூட்டம் வந்த இடத்துக்குப் பெரிய கங்காணி வராமல் இருப்பாரா? சித்திரையில் திருவிழா என்று அறிவித்தார். இடத்தைத் துப்புரவாக்கி, சமப்படுத்தி, கல்லைச் சுற்றி மேடை கட்ட வேண்டுமாம்.

பேசி முடிவெடுக்கப் பெரிய கங்காணி வீட்டு முற்றத்தில் கூடினார்கள். நான் எழுந்து நின்றேன். அந்தத் தோட்டத்தில் நான் நிகழ்த்திய ஒரே பிரசங்கம் அது. "மேடை கட்டுங்கள், பந்தல் போடுங்கள், புல்லை மட்டும் வெட்டாதீர்கள். மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புல்தான்" என்றேன்.

"அப்ப சாமி புடிக்கலியா?" என்றார் பெரிய கங்காணி.

"சாமியும்தான்..."

"வாத்தியாரு எப்ப கிறிஸ்து வேதத்துல சேந்தாரு?" என்று ஒருவன் பின்னாலிருந்து கேட்டான். முற்றமே குலுங்கியது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடைசிக் காம்பராக்காரியைப் பார்த்து, "நீயாவது சொல்லம்மா. புல்லை விடுவதற்காகத்தானே கல்லை நட்டீர்கள்? நீதானே புல் விட யோசனை சொன்னாய்?" என்றேன்.

அவள் தலைமுந்தானையைச் சரிசெய்தாள். அவளுடைய மகளுக்கும் அங்கேதான் வேண்டுதல் பலித்திருந்தது. "அப்ப சாமி இல்லீங்க வாத்தியாரே" என்றாள் நிதானமாக. "இப்ப வந்துட்டாரு. அவரு எடம் காடாக் கெடந்தா நமக்குத்தான பாவம்?"

இதற்கு எந்தப் பூமிசாஸ்திரத்தில் பதில் இருக்கிறது?

நான் நேரே அய்யேயிடம் போனேன். வயலில் வரப்புக் கட்டிக்கொண்டிருந்தார். சிங்களத்தில் சொன்னேன், தமிழில் சொன்னேன், குச்சியால் மண்ணில் சரிவையும் ஓடையையும் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என் தோளிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "மாத்தயா படிச்ச ஆள். சாமி காரியம் வேற" என்றார்.

திருவிழாவுக்கு முந்தின நாள் துப்புரவு நடந்தது. நான் லயத்துப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அரைப்பேருக்குப் பயந்து பயந்து பழகிய கைகள் அவை. ஒரு வேரைக்கூட விட்டுவைக்கத் தெரியாத கைகள். துரைக்குச் செய்ததைவிடச் சாமிக்கு இன்னும் சுத்தமாகச் செய்தார்கள். பக்தி என்றால் என்ன, துப்புரவு என்றால் என்ன என்பதையெல்லாம் துரை அவர்களுக்குச் சுரண்டியால் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆட்களுக்கு நடுவில் கொண்டை முடிந்த ஒரு தலையும் குனிந்து நிமிர்ந்தது. அய்யே தன் சொந்த மண்வெட்டியோடு வந்து, தன் வயலுக்கு நேர் மேலே இருந்த புல்லைத் தன் கையாலேயே வெட்டிக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்குத் துரையும் வந்தார். மாலை போட்டார்கள். சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம், "இப்போதுதான் உங்கள் சாமி மரியாதையாக இருக்கிறார்" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி அதை மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்த்தேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்றைக்கும் என் காதில் விழும்போது யாரையாவது அறைய வேண்டும்போல இருக்கும். யாரை என்பதுதான் தெரியாது. துரை தன் சீமைக்குப் போய்விட்டார்; மற்றவர்களை அறைய எனக்கு மனம் வராது.

வைகாசி மழையில் பள்ளத்து விளிம்பே பெயர்ந்தது. காலையில் பார்த்தபோது மேடை இல்லை, கல் இல்லை. சரிவில் நெடுக ஒரு சிவப்புக் காயம். வயல் இருந்த இடத்தில் வரப்பும் தெரியவில்லை, வாய்க்காலும் தெரியவில்லை. அய்யே மண்ணுக்குள்ளிருந்து சூலாயுதத்தைத் தேடி எடுத்து, ஓடையில் கழுவி, லயத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "என்ன குத்தம் செஞ்சோம்?" என்று எங்கள் ஆட்களைக் கேட்டார். சேவலை ஆண் பிள்ளை அறுக்கவில்லை என்றான் ஒருவன். தீட்டோடு யாரோ வந்திருக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. கடைசிக் காம்பராக்காரி மட்டும் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வயலில் விழுந்த மண்ணை அய்யேயும் அவர் மனைவியும் கூடையால் அள்ளிப் பார்த்தார்கள். அள்ள அள்ள மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது. விதைக்கும் காலம் வந்து போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று.

பிறகு ஒரு காலை அவர் ஆபீசுக்கு வந்து நின்றார், இந்தத் தடவை வெறுங்கையோடு. தோட்டத்து வேலைக்குப் பேர் பதிய வேண்டும் என்றார். துரை தலை நிமிராமல், "புல் வெட்டத் தெரியுமா என்று கேள்" என்றார்.

சிங்களத்தில் கேட்டேன்.

"தெரியும் மாத்தயா. சாமி இடத்தில் வெட்டியிருக்கிறேன் தானே" என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. "தெரியுமாம்" என்று மட்டும் சொன்னேன். கங்காணி ஸ்டோருக்குப் போய்ப் புதுச் சுரண்டி ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.